காஜா மட்டும்தான் பாக்கி

என் வீட்டுக்காரருக்கு பஸ் டெப்போவுல வெச்ச பேரு முந்திரிக்கொட்டை. அங்க அவர் டைம் கீப்பர். எந்த வண்டி எப்ப கிளம்பணும், எப்ப வந்து சேரணும்னு பார்த்து விசில் ஊதுறது வேலை. ஊதுறதை டெப்போவோட விட்டாத் தேவலை, வீட்டுலயும் அதே விசில்தான். சினிமாவுக்குப் போனா முந்தின ஆட்டத்து ஜனம் வெளியே வர்றதுக்கு முன்னாடி நாங்க கேட்டுல நிப்போம். யார் வீட்டு விசேஷத்துக்காவது போனா அப்பத்தான் வேன்ல இருந்து நாற்காலி இறக்குவாங்க. இவரும் சேர்ந்து நாலு நாற்காலி இறக்கிப் போட்டுட்டு, அதுல ஒண்ணுல உட்காருவார்.

நான் டெய்லர். வீட்டோட முன்ரூமுதான் கடை. ஒரு மெஷின், வெட்டுறதுக்கு ஒரு மேஜை, ஆளுயரக் கண்ணாடி, வர்றவங்க உட்கார ஒரு பெஞ்சு. இந்தத் தொழில்ல சொன்ன நாளைக்குக் குடுத்தேன்னு எவளாவது சொன்னா, அவ புளுகுறா. துணியில கத்திரியே வெச்சிருக்க மாட்டேன். ஆனா ஆள் வந்து வாசல்ல நின்னா கூசாம சொல்லுவேன்: "எல்லாம் முடிஞ்சுதும்மா, காஜா மட்டும்தான் பாக்கி. நாளைக்கு வந்துடு." காஜாங்கிறது பட்டன் ஓட்டை. அது ஒண்ணுதான் பாக்கின்னா கேக்கறவங்களுக்கு ஒரு ஆறுதல், எனக்கு ஒரு நாள் லாபம்.

இப்படிப்பட்ட எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பையன். வெளிநாட்டுல வேலை. அங்கயே ஒரு பொண்ணைப் பார்த்து முடிவு பண்ணிட்டான். நல்ல பொண்ணு. அம்மா இல்லை, அப்பா எங்கயோ. போன்ல முதல் தடவை பேசும்போதே, "அத்தை, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல என் பக்கத்துல நீங்க நிக்கணும்"னு சொல்லிடுச்சு. அதைக் கேட்ட நிமிஷத்துல இருந்து நான் அவ கட்சி. என் பையனே ரெண்டாம்பட்சம்.

ஆனா அந்த கொரோனா எங்களை விட்டுச்சா? முதல் தடவை தேதி வெச்சோம், விமானத்தையே நிறுத்திட்டாங்க. ரெண்டாவது தடவை வெச்சோம், அந்த நாட்டுக்காரங்க கதவைச் சாத்திட்டாங்க. மூணாவது தடவை பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான், "அம்மா, இனிமே தள்ளிப்போட முடியாதும்மா. அவளுக்கு வேலை வேற ஊருக்கு மாறுது. இந்தத் தேதிக்கு நீங்க வந்தாலும் வராட்டியும்..."

என் வீட்டுக்காரர் அன்னிக்கே டிக்கெட் போட்டார். வாரத்துக்கு ஒரே ஒரு விமானம்தான், அதை விட்டா கல்யாணம் முடிஞ்சுதான் அடுத்தது. டிக்கெட் போட்ட கையோட எங்கிட்ட வந்து, பீரோவுல பல வருஷமா கிடந்த கறுப்புக் கோட்டுத் துணியை மேஜை மேல வெச்சார்.

"பையன் கல்யாணத்துக்கு எனக்கு ஒரு கோட்டு தைச்சுக் குடு."

"நீங்களா? கோட்டா?"

"ஏன், எனக்கு என்ன? போட்டோவுல அவன் மாமனார்தான் இல்லை. அப்பனாவது ஆள் மாதிரி நிக்க வேண்டாமா?"

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, உள்ள என்னமோவும் பண்ணுச்சு. இந்த மனுஷன் இத்தனை வருஷத்துல தனக்குன்னு என்கிட்ட ஒண்ணும் தைக்கச் சொன்னதில்லை. அளவெடுத்தேன். மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு விறைப்பா நின்னார். தினமும் சாயங்காலம் டெப்போவுல இருந்து வந்ததும், "கோட்டு?"ம்பார். நானும் பழக்க தோஷத்துல, "காஜா மட்டும்தான் பாக்கி"ம்பேன். தலையாட்டிட்டுப் போயிடுவார். துணி மடிச்சது மடிச்சபடி மேஜைக்கு அடியில கிடந்துச்சு.

அடுத்தது டெஸ்ட். மூக்குல குச்சி விட்டு எடுக்கிறாங்களே, அது. கொரோனா இல்லைன்னு சர்டிஃபிகேட் இருந்தாத்தான் விமானத்துல ஏத்துவாங்க. டிக்கெட் வந்த வாரமே இவர் கால்ல வெந்நீரை ஊத்திக்கிட்ட மாதிரி நின்னார். "வா, போய் எடுத்துட்டு வந்துடுவோம். அப்புறம் கூட்டமாயிடும்." எனக்கு ஒரு ஸ்கூலுக்கு யூனிஃபார்ம் குடுக்க வேண்டியிருந்துச்சு. அதைவிட, மூக்குல குச்சின்னாலே எனக்கு ஆகாது. "நீங்க போங்க, நான் நாளைக்கு எடுத்துக்கறேன்"னேன். போனார், எடுத்தார், இல்லைன்னு ரிசல்ட்டும் வந்துச்சு. அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் லேமினேட் வேற பண்ணிட்டு வந்துட்டார்.

"உன்னை மாதிரி கடைசி நேரத்துல முழிக்கிற ஆள் நான் இல்லை"ன்னு அதை என் முகத்துக்கு நேரா ஆட்டினார்.

டிக்கெட் போட்டுக் குடுத்த ஏஜென்சிப் பொண்ணு ஒருநாள் எல்லா காகிதத்தையும் சரிபார்க்கக் கூப்பிட்டுச்சு. ரெண்டு பேரும் போனோம். இவர் பெருமையா லேமினேஷனை எடுத்து நீட்டினார். அது தேதியைப் பார்த்துச்சு, இவரைப் பார்த்துச்சு, மாஸ்க்குக்கு உள்ளயே சிரிப்பை அடக்குச்சு.

"சார், இதை நீங்க ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டிக்கலாம். ஏர்போர்ட்டுல செல்லாது."

"ஏன்? ஒரிஜினல்மா!"

"விமானம் கிளம்பறதுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள எடுத்ததா இருக்கணும் சார். நீங்க ரொம்ப சீக்கிரம் எடுத்துட்டீங்க."

சீக்கிரம்ங்கிறது ஒரு குத்தமா இருக்க முடியும்னு அந்த மனுஷனுக்கு யாரும் சொன்னதே கிடையாது. பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்துட்டார். எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா வாய் சும்மா இருக்குமா? வர்ற வழியெல்லாம், "நல்லவேளை, நான் நாளைக்குன்னு சொன்னேன்"னு சொல்லிச் சொல்லியே வீடு வந்து சேர்ந்தேன். அவர் லேமினேஷனை மட்டும் சட்டைப் பைக்குள்ள பத்திரமா வெச்சிருந்தார்.

சரி, விமானம் கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி காலையில போய்க் குடுக்கிறதுன்னு முடிவாச்சு. அப்பக் குடுத்தா மறுநாள் ரிசல்ட் வந்துடும்னு லேப்ல சொன்னாங்க. தெருமுனையில இருக்கிற சின்ன லேப் அது. முன்னாடி ஒரு கவுண்டர், உள்ள ஒரு ரூம். இங்க எடுத்து, ஐஸ் பெட்டியில வெச்சு, பெரிய லேபுக்கு அனுப்புவாங்க. இந்தத் தடவை நாள் சரி. நாள் சரியா இருந்தா மணியும் சரியா இருக்கணும்னு இவருக்கு யார் சொல்றது? நான் கண்ணைக் கசக்கிட்டு எழுந்து பார்க்கறேன், படுக்கையில ஆளைக் காணோம். நான் ஒரு கவுனுக்கு ஹெம்மிங்கை முடிச்சுட்டு, லேப் திறந்து கொஞ்ச நேரம் கழிச்சு ஆடி அசைஞ்சு போறேன், ஐயா குடுத்துட்டு வாசல்ல நின்னு தும்மிக்கிட்டு இருக்கார்.

"ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்துச்சு. குனிஞ்சு உள்ள போயிட்டேன். முதல் ஆள் நான்தான்"னார்.

எனக்கும் எடுத்தாங்க. குச்சி மூளை வரைக்கும் போய்ட்டு வந்த மாதிரி இருந்துச்சு. எடுத்த தம்பியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அது ரொம்ப மரியாதையா, "அடுத்த மூக்கும்மா"ன்னு சொல்லுச்சு.

மறுநாள் ரிசல்ட் வரலை. சாயங்காலம் போன் பண்ணினா, "காலையில வந்துடும் மேடம்." அடுத்த நாள் சாயங்காலம் விமானம். பெட்டியெல்லாம் கட்டியாச்சு, காலையிலயும் ஒரு தகவலும் இல்லை. ரெண்டு பேரும் லேபுக்குக் கிளம்பினோம். போறப்ப ஒரு யோசனை வந்து, கோட்டை ஒரு பையில போட்டு எடுத்துக்கிட்டேன். முந்தின ரெண்டு நாளா பைத்தியம் மாதிரி உட்கார்ந்து அதை ஒரு வழிக்குக் கொண்டு வந்திருந்தேன். உடம்பு முடிஞ்சு, லைனிங் வெச்சு, காலர் வெச்சாச்சு. ரெண்டு கையையும் மட்டும் வெள்ளை நூலால ஓட்டுத் தையல் போட்டு சும்மா ஒட்ட வெச்சிருந்தேன். அந்த நூலைப் பிரிச்சுட்டு அழுத்தமா தைச்சாத்தான் கை நிக்கும். இழுத்தா கையோட வந்துடும்.

கவுண்டர்ல ஒரு பொண்ணு. பாவம், சின்னப் பொண்ணுதான். எங்களைப் பார்த்ததுமே, "ரிசல்ட்டெல்லாம் ரெடி சார். டாக்டர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி"ன்னுச்சு.

இவர் மூஞ்சி மலர்ந்துடுச்சு. நான் நம்பலை. யார்கிட்ட காது குத்துறே நீ? துணியை வெட்டாமலே காஜா பாக்கின்னு சொல்ற ஆள்கிட்டயேவா? அந்தக் குரல், ஒரு நொடி கூட யோசிக்காம வர்ற அந்த பதில், உடனே அந்தப் பக்கம் திரும்பி எதையோ தேடுற மாதிரி பாவனை. எல்லாம் அச்சு அசல் நானேதான். வேலை ஆரம்பிச்சாங்களான்னே இதுக்குத் தெரியாதுன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு.

"ஏங்க, இது டுபாக்கூர்"னு இவர் காதுல சொன்னேன்.

அவ்வளவுதான், இவர் குரலை உயர்த்தப் போனார். கையைப் பிடிச்சு இழுத்து நாற்காலியில உட்கார வெச்சேன். கத்துற கஸ்டமர் துணியை நான் என்ன பண்ணுவேன்? குவியலுக்கு அடியில தள்ளுவேன். அழுகிறவங்களுக்கு நாளைக்குன்னு சொல்லுவேன். நான் பயப்படுறது ஒரே ஒரு ஜாதிக்குத்தான். ஒண்ணும் பேசாம பெஞ்சுல வந்து உட்கார்ந்து, எழுந்திருக்காம இருக்கிறவங்களுக்கு. அவங்க துணி அன்னிக்கே முடிஞ்சுடும். எதுத்தாப்ல ஒரு ஆள் உட்கார்ந்திருந்தா சோறு இறங்காது.

நான் கவுண்டருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். பையில இருந்து கோட்டை எடுத்து மடியில விரிச்சேன். ஊசியில கறுப்பு நூல் கோத்தேன். கோட்டோட வலது கையில இருந்த வெள்ளை நூலைப் பிரிச்சு, தைக்க ஆரம்பிச்சேன். தைக்கிறது, நிமிர்ந்து அந்தப் பொண்ணைப் பார்க்கறது, மறுபடி தைக்கிறது. அது போன் பேசுச்சு, கம்ப்யூட்டரைத் தட்டுச்சு, சானிடைசரைத் தேய்ச்சுத் தேய்ச்சு கையே தேயுற அளவுக்குத் தேய்ச்சுச்சு. நான் ஒரு வார்த்தை பேசலை.

கடைசியில அதுவே தாங்காம கேட்டுச்சு. "யாருக்கு ஆன்ட்டி கோட்டு?"

"இவருக்குத்தான். எங்க பையன் கல்யாணம். இன்னிக்கு சாயங்காலம் விமானம்."

"சாயங்காலமா? கோட்டு முடிஞ்சுடுமா?"

"எல்லாம் முடிஞ்சுதும்மா. காஜா மட்டும்தான் பாக்கி."

அது எட்டிப் பார்த்துச்சு. ஒரு கை தொங்குது, இன்னொரு கை வெள்ளை நூல்ல ஊசலாடுது. பார்த்துட்டு என்னைப் பார்த்துச்சு. நானும் அதையே பார்த்தேன். களுக்குன்னு சிரிச்சுடுச்சு. அப்புறம் சிரிப்பு நின்னு, முகம் சிவந்து போய், "இருங்க ஆன்ட்டி, நான் உண்மையாவே பார்த்துட்டு வரேன்"னு எழுந்து உள்ள போச்சு.

வெளியே வர நேரமாச்சு. நான் வலது கையை முழுசா முடிச்சுட்டேன். வந்தப்ப அது கையில ஒரே ஒரு காகிதம் இருந்துச்சு.

"ஆன்ட்டி, உங்களுது வந்துடுச்சு. கொரோனா இல்லை." இவர் பக்கம் திரும்புச்சு. "சாரோடது... சார், நீங்க ஷட்டர் திறக்கும்போதே வந்துட்டீங்களா?"

"ஆமா, முதல் ஆள்"னார் இவர், அப்பவும் பெருமையா.

"அன்னிக்கு அனுப்ப வேண்டிய ஐஸ் பெட்டி அப்ப இன்னும் வரலை சார். முந்தின நாள் பெட்டி, கழுவறதுக்கு எடுத்து வெச்சிருந்தது, அதுல உங்களுதை வெச்சுட்டாங்க. அது போகவே இல்லை. அப்புறம் வந்தவங்களோடது எல்லாம் புதுப் பெட்டியில போயிடுச்சு. தப்பு எங்களோடதுதான் சார். மன்னிச்சுக்குங்க."

இன்னொரு தடவை எடுத்தா நாளைக்குத்தான் ரிசல்ட். உடனே சொல்ற டெஸ்டை அந்த நாடு ஏத்துக்காது. நான் எழுந்துட்டேன். உட்கார்ந்து பார்க்கிற பொறுமையெல்லாம் காத்துல போச்சு. அந்த லேபையும், பெட்டியையும், குச்சியையும், குச்சியைக் கண்டுபிடிச்சவனையும் சேர்த்து வாங்கு வாங்குன்னு வாங்கினேன். அப்புறம் இவர் பக்கம் திரும்பினேன். "பாதி ஷட்டர்ல குனிஞ்சு போகச் சொல்லி யார் அழுதா? எல்லாரையும் மாதிரி வந்தா என்ன? எதுக்குத்தான் இந்த அவசரம்?"

அவர் என் கையில இருந்த காகிதத்தை வாங்கி, தேதியைப் பார்த்தார், பேரைப் பார்த்தார், எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தார். அதை நாலா மடிச்சு என் கைப்பையில வெச்சு ஜிப்பை இழுத்தார்.

"கிளம்பு. நேரமாச்சு."

"எங்க? நீங்க இல்லாம நான் போகலை."

"போகாம?" முதல் தடவையா அவர் குரல் கொஞ்சம் உடைஞ்சுது. "அந்தப் பொண்ணு பக்கத்துல நிக்கறேன்னு யார் சொன்னது, நானா? நீதானே சொன்னே? அதுக்கும் நாளைக்குன்னு சொல்லப் போறியா?"

கோட்டை மடிச்சு அவர் கையில குடுத்தேன். இடது கை இன்னும் ஓட்டுத் தையல்லதான் இருந்துச்சு. அதை முடிக்க எனக்கு ஒரு மணி நேரம் கூட வேண்டாம், ஆனா அந்த நேரம் இல்லை.

ஏர்போர்ட்டுக்கு லேட்டாத்தான் போனோம். இவரோட நான் ஒரு இடத்துக்கு லேட்டாப் போனது அதுதான் முதல் தடவை. கண்ணாடிக் கதவுக்கு உள்ள டிக்கெட் இருக்கிறவங்களை மட்டும்தான் விட்டாங்க. நான் பெட்டியைத் தள்ளிக்கிட்டு உள்ள போய்த் திரும்பிப் பார்த்தா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு, சீக்கிரம் சீக்கிரம்னு கையை ஆட்டறார். விசில் ஒண்ணுதான் வாயில இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. காகிதத்தைச் சரிபார்த்த ஆள், "என்னம்மா, பயமா?"ன்னார். "இல்லைங்க, கோபம்"னேன். ரெண்டுமே இருந்துச்சு.

போய்ச் சேர்ந்தேன். பையனைக் கட்டிப்பிடிச்சு, மருமகளைக் கட்டிப்பிடிச்சு, எல்லாம் ஆச்சு. பையன் சொன்னான், "அம்மா, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல அப்பாவை வீடியோவுல கூப்பிட விடுவாங்க. லிங்க் அனுப்பிட்டேன்." போன்ல எல்லாம் என்னத்தைப் பெரிசா பார்த்துடப் போறார்னு மனசு கசந்து போய் இருந்துச்சு.

கல்யாணத்தன்னிக்கு நாங்க அந்த ஆபீஸ்ல நுழைஞ்சோம். சின்ன ஹால்தான். நாற்காலி எல்லாம் தள்ளித் தள்ளிப் போட்டு, ஒண்ணு விட்டு ஒண்ணுல டேப் ஒட்டியிருந்தாங்க. சாட்சிக்கு வர வேண்டியவங்க கூட இன்னும் வரலை. ரிஜிஸ்ட்ராரே வரலை. பையன் சுவத்துல இருந்த டிவியைப் போட்டு போனை இணைச்சான். போட்டுட்டு அப்படியே நின்னுட்டான்.

"அம்மா, அப்பா எப்பவோ வந்துட்டார்மா."

டிவியில என் கடை. என் ஆளுயரக் கண்ணாடி, என் மெஷின். அதுக்கு நடுவுல கஸ்டமர் பெஞ்சுல, தலையைப் படிய வாரி, கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு, அளவெடுக்கும்போது நின்ன அதே விறைப்போட உட்கார்ந்திருக்கார். அங்க இன்னும் விடியவே இல்லை. எப்ப குளிச்சார், எப்ப வந்து உட்கார்ந்தார்னு அவருக்குத்தான் வெளிச்சம். பையன் கல்யாணத்துக்கு வந்த முதல் ஆள் அவர்தான்.

"என்ன, யாரும் வரலையா இன்னும்? மணி என்ன ஆச்சு?"ன்னார்.

மருமக டிவிக்குப் பக்கத்துல போய் நின்னுச்சு. "மாமா, கோட்டு ரொம்ப அழகா இருக்கு."

எனக்கு அந்த இடது தோள்தான் தெரிஞ்சுது. கறுப்புத் துணியில என்னோட அந்த ஓட்டுத் தையல் வெள்ளை நூல், கோணலும் மாணலுமா, ஒரு குருடனுக்குக் கூடத் தெரியும். அது கழண்டு வந்துடக் கூடாதேன்னு இடது கையை உடம்போட ஒட்டி வெச்சுக்கிட்டு, அசைக்காம உட்கார்ந்திருந்தார். எத்தனை பேர் துணிக்கு எத்தனை காஜா போட்டிருக்கேன். இந்த ஒரு மனுஷனுக்கு ஒரு கையை ஒழுங்கா வெச்சுக் குடுக்க எனக்கு நேரம் இல்லாம போச்சே.

மருமகளும் பார்த்துடுச்சு போல. "மாமா, தோள்கிட்ட என்னமோ நூல்..."

அவர் குனிஞ்சு கூடப் பார்க்கலை. நெஞ்சை இன்னும் கொஞ்சம் நிமித்தினார்.

"உங்க அத்தை தைச்சதும்மா. எல்லாம் முடிஞ்சுது. காஜா மட்டும்தான் பாக்கி."